தண்ணீர் குடிக்கும் ஓடும் என் முதல் வாக்கியமும்

2008-ஆம் ஆண்டு மழைக்காலம். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை நடத்தும் என் அண்ணன், ஈரத்தை உறிஞ்சித் தானே உலரும் தரை ஓடு ஒன்றை உருவாக்கியிருந்தார். காப்புரிமை கோரிய மனு, புதுமை இல்லையென்று தள்ளுபடியாயிற்று. மேல்முறையீட்டில் அவர் பேசவேண்டிய உரையை, பேச்சுமேடைகளில் பரிசுகள் வென்ற பெருமிதத்தோடு நானே எழுதினேன்.

“நீரைப் பருகும் பரப்பொன்றை இதற்குமுன் எவரும் படைத்ததில்லை!” என்று பட்டறையில் நின்று முழங்கிப் பார்த்தேன்.

அண்ணி பாரிஸ் பிளாஸ்டர் அச்சுகளில் களிமண் கூழை ஊற்றிக்கொண்டிருந்தார். மழையொலியில் மயங்கி ஓர் அச்சையே பார்த்திருந்தேன். விளிம்புவரை நின்ற கூழ், யாரோ அடியிலிருந்து பருகுவதுபோல் ஓசையின்றி இறங்கியது. சுற்றிலும் வெண்ணிற அச்சுகள் யாவும் கனவில்போல் அமைதியாகப் பருகிக்கொண்டிருந்தன.

“அண்ணி, கூழுல இருக்குற தண்ணிய அச்சுதான குடிக்குது?”

“பின்ன, நானா குடிக்கிறேன்? நீ பேசும்மா, நல்லாத்தான் இருக்குது.”

கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் திடுக்கிட்டார். “விசாரணையில போயி, எவரும் படைச்சதில்லன்னு சொல்லியிருந்தா, மொத கேள்வியிலயே வூட்டுக்கு அனுப்பியிருப்பாங்க!”

ஊரெங்கும் பட்டறைகளில் நீர் குடிக்கும் அச்சு அதுவரை எங்கள் கண்ணில் படவேயில்லை. உறிஞ்சுவது பழையது, உறிஞ்சிய நீரை ஓட்டின் அடிப்புற நுண்வரிகள் வழியே விளிம்புக்குக் கடத்தி உலர்த்துவதே புதியது. அதற்கு மட்டும் உரிமை கோரி உரையைத் திருத்தினேன். விசாரணையில் அச்சைப் பற்றித்தான் முதலில் கேட்டார்களாம். “ஆமாங்க ஐயா, எங்ககிட்டயே இருக்குது” என்று ஒப்புக்கொண்டு, அண்ணன் நுண்வரிகளை விளக்கினார். முறையீடு ஏற்கப்பட்டது.

இப்போதெல்லாம் எந்த உரைக்கும் முன்பு, எதிரணிக்கு எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதையே முதலில் எழுதுகிறேன். விட்டுக்கொடுத்தபின் எஞ்சுவதை மட்டுமே மேடையில் முழங்குகிறேன்.