இடது கையால் இறக்கிய விமானம்

ஹஃபீசா ரிமோட்டை அணைத்த அடுத்த நொடி, மேசைமேல் இருந்த விமானத்தின் மோட்டார் முழு வேகத்தில் சுழன்றது. இஸ்திரி போடுகிற மேசை அது. வழவழத்த துணியில் அரைக் கிலோ எடையுள்ள அந்தக் குட்டி விமானத்துக்குப் பிடிமானமே இல்லை. நேராக அவளை நோக்கிப் பாய்ந்தது. முகத்தை மறைக்க அவள் தூக்கிய இடது கையில், அதன் மூக்கில் சுழன்ற காற்றாடி இறங்கியது.

சத்தம் கேட்டுக் குளியலறையிலிருந்து ஓடிவந்த அவள் கணவர் அக்தர், ரத்தத்தைப் பார்த்துவிட்டு முதலில் விமானத்தைத்தான் உதைத்தார். பிறகுதான் துண்டைத் தேடினார்.

ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் சேர்த்து ஒன்பது தையல். "நரம்பு அறுபடல, ஆனா நசுங்கியிருக்கு. உணர்ச்சி திரும்பி வர நாளாகும்" என்றார் மேற்குத் தாம்பரத்து டாக்டர். "என்ன வேலை செய்றீங்க?"

"ஆரி வேலை, சார்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

ஆரி என்கிற பூத்தையல் வேலையில் கொக்கியூசி வலது கையில், துணிக்கு மேலே. நூல் இடது கையில், துணிக்கு அடியில். அடியில் இருக்கும் கை கண்ணுக்குத் தெரியாது. விரல்நுனிதான் நூலைப் பார்க்க வேண்டும். ஹஃபீசாவுக்கு நாற்பத்து மூன்று வயது. அதில் இருபத்தைந்து வருடம், முடிச்சூர் சாலையில் வீட்டின் முன்னறையில் மரச்சட்டம் போட்டு, கல்யாணப்பெண்களின் ரவிக்கைகளை அந்த விரல்நுனிகளை நம்பித்தான் செய்துவந்தாள்.

விமானம் அவள் வீட்டுக்குள் வந்ததே ஒரு ரவிக்கையால்தான். நான்கு வருடங்களுக்கு முன் மேடவாக்கத்திலிருந்து ஜெரோம் என்பவர் மனைவியின் ரவிக்கையை வாங்க வந்தார். மென்பொருள் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரிமோட் விமானம். ஹஃபீசா ஒரு குமிழி கூட விழாமல் பட்டுத்துணிக்கு உள்துணி ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், மறுவாரம் எலும்புக்கூடு மாதிரி ஒரு மர இறக்கையையும் ஒரு சுருள் பிளாஸ்டிக் காகிதத்தையும் கொண்டுவந்தார். "அக்கா, இதைச் சூடு வச்சு ஒட்டணும். நான் ஒட்டினா அப்பளம் மாதிரி சுருங்கிடுது."

அவள் ஒட்டியது கண்ணாடி போல நின்றது. பிறகு ஜெரோமின் நண்பர்கள் எல்லாருடைய இறக்கைகளும் அவளிடம் வந்தன. ஒரு நாள், தான் ஒட்டிய மஞ்சள் இறக்கை என்ன ஆகிறது என்று பார்க்கப் போனாள். அது வானத்தில் தலைகீழாகப் புரண்டு, வட்டமடித்து, அவள் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போயிற்று. அடுத்த மாதம் பயிற்சிக்கென்று ஒரு தெர்மோகோல் விமானம் வாங்கினாள். அதை எத்தனை முறை முள்ளுச்செடியில் செருகினாள் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒன்றரை வருடத்தில் கை படிந்தது. அதன் பிறகுதான், குட்டிக்கரணம் போடும் விமானம் ஒன்றைத் தானே செய்வது என்று இறங்கினாள். மூன்று மாதம் பால்சா மரத்தகடுகளை பிளேடால் அறுத்து ஒட்டினாள். பாதரசம் போல மின்னும் வெள்ளி இறக்கை, அடியில் கருஞ்சிவப்புப் பட்டை.

அந்த வெள்ளி இறக்கையில்தான் இப்போது ரத்தம்.

"தூக்கிப் போடு" என்றார் அக்தர். பல்லாவரத்தில் தோல் பட்டறையில் வெட்டும் வேலை அவருக்கு. கத்தியோடு பழகியவர், கோபப்படாதவர். அன்று அவர் குரல் நடுங்கியது. "விரல் போயிருந்தா இன்னா பண்ணியிருப்பே? கண்ணுல பட்டிருந்தா?"

"என் தப்புங்க. விமானத்துக்குள்ள இருக்கிற ரிசீவரை ரிமோட்டோட சேர்க்கும்போது, ரிமோட்ல மோட்டாருக்கான குச்சியை மேல தள்ளி வச்சிருந்தேன். சிக்னல் அறுந்தா அப்படியே முழு வேகத்துல ஓடணும்னு அது எடுத்துக்கிச்சு. காத்தாடியை வேற கழட்டாம வச்சிருந்தேன்."

"அது தப்பு பண்ணுச்சோ, நீ தப்பு பண்ணினியோ. வேணாம், அவ்ளோதான்."

ஹஃபீசா விமானத்தைப் பரண்மேல் வைத்தாள்.

மூன்று வாரம் கழித்துச் சட்டத்தின் முன் உட்கார்ந்தாள். துணிக்கு அடியில் நூல் இருப்பது விரலுக்குத் தெரியவில்லை. கொக்கியூசி வெறுமனே போய் வெறுமனே வந்தது. நான்காவது வாரம் நடுவிரலுக்கு லேசாகத் தெரிந்தது; ஆட்காட்டி விரல் கட்டை மாதிரியே இருந்தது. இரண்டு கல்யாண ஆர்டர்களை வேறு ஆளிடம் அனுப்பினாள். அன்று சாயங்காலம் நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து விமானத்தை இறக்கினாள். ஏன் என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த மோட்டாரைப் பார்த்துப் பயந்துகொண்டே மிச்ச நாளையும் ஓட்ட முடியாது என்று மட்டும் தோன்றியது.

காற்றாடியைக் கழற்றி அலமாரியில் பூட்டினாள். ரிமோட்டில் பழைய பதிவு முழுவதையும் அழித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்கினாள். ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்று பத்து முறை, இருபது முறை பார்த்தாள். நின்றது. ஒவ்வொரு முறையும் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டுதான் பார்த்தாள். வால் அசைகிறதா? அசைந்தது. இறக்கையின் பின்விளிம்புத் தகடுகள் அசைகின்றனவா? அசைந்தன.

அக்தர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்று மட்டும் சொன்னார்.

தாம்பரத்தில் எதையும் பறக்கவிட முடியாது. ஒரு பக்கம் விமானப்படைத் தளம், மறுபக்கம் மீனம்பாக்கம். வண்டலூர் தாண்டி வெகுதூரம் தெற்கே, அனுமதி வாங்கிய ஒரு தரிசு நிலத்துக்குப் போக வேண்டும். காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காற்று அப்போதே எழும்பியிருந்தது.

காற்றாடியை மாட்டும் முன் ஜெரோம் விமானத்தின் மூக்குக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். "வலது குடுங்க அக்கா. இடது. அசையுது, ஓகே. முதல் தடவை நான் ஏத்தித் தரட்டுமா?"

"இல்ல தம்பி. நானே."

விமானம் மண்தரையில் பத்தடிகூட ஓடவில்லை, எழும்பிவிட்டது. தென்னை உயரம் போனதும் ஒரு காற்று இடது இறக்கையைத் தாழ்த்தியது. அதை நிமிர்த்த ஹஃபீசா வலது கைக் குச்சியை வலப்பக்கம் தள்ளினாள்.

இறக்கை இன்னும் தாழ்ந்தது.

மேலும் தள்ளினாள். விமானம் கத்தி போலச் செங்குத்தாகத் திரும்பித் தரையை நோக்கிச் சரிந்தது.

"வலது! வலது குடுங்க!" என்று கத்தினார் ஜெரோம்.

"குடுத்தா இடதுலதான் சாயுது!"

"என்கிட்ட குடுங்க" என்று ஜெரோம் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை; கொடுக்கும் நேரம்கூட இல்லை. குச்சியைப் பக்கவாட்டில் அழுத்துவதையே விட்டாள். விட்டதும் விமானம் உருளுவதை நிறுத்தியது. வாலை எதிர்ப்பக்கம் திருப்பி மூக்கை மேலே இழுத்தாள். ஆளுயரத்துக்கு வந்து, மெல்ல நிமிர்ந்து, மறுபடி ஏறியது.

ஜெரோமுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, இறக்கைத் தகடு ஏறுமாறா வேலை செய்யுது. நான் மூக்குப் பக்கமா உட்கார்ந்து பார்த்தேன். வலது இடது மாறித் தெரிஞ்சிருக்கு." அவர் முகம் வெளுத்திருந்தது. "அதைத் தொடாதீங்கக்கா. வாலை வச்சே திருப்புங்க."

ரிமோட்டில் மாற்றினால் ஒரு நொடி வேலை. ஆனால் அதற்கு விமானத்தைவிட்டுக் கண்ணை எடுத்துத் திரைக்குள் தேட வேண்டும். இந்தக் காற்றில் அந்த ஒரு நொடி இல்லை.

வாலைத் திருப்பும் குச்சி இடது கையில் இருந்தது. அதே குச்சிதான் மோட்டாருக்கும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்துப் பிடித்துத்தான் அவளுக்குப் பழக்கம். குச்சி நகர்வது கட்டைவிரலுக்குத் தெரிந்தது. ஆட்காட்டி விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை விமானம் திரும்புவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. அகலமாக ஒரு சுற்று. இன்னொரு சுற்று. ஒவ்வொரு தடவை காற்று தள்ளும்போதும் வலது கை பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் போகப் பார்த்தது. பல்லைக் கடித்து அதை மேல்கீழாக மட்டும் அசைய வைத்தாள்.

ரிமோட் கீச்சிட்டது. பேட்டரிக்கு இன்னும் ஒரு நிமிடம்.

"இறக்கிடுங்க."

முதல் முறை காற்று இழுத்துக்கொண்டு போய் அக்தரின் ஸ்கூட்டிக்கு மேலே கொண்டுவந்தது. மோட்டார் வேகத்தைக் கூட்டி விமானத்தைத் தாண்ட வைத்தாள். இரண்டாம் முறை வெகுதூரத்திலிருந்தே தாழ இறக்கினாள். இடுப்புயரத்தில் இடது இறக்கை சாய்ந்தது. வலது கையை அசைக்கவில்லை. வாலை மட்டும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

விமானம் ஒரு சக்கரத்தில் இறங்கியது. சக்கரம் பிய்ந்து பறந்தது. இறக்கை மண்ணில் உரச, அரைவட்டம் சுற்றிப் புழுதிக்குள் நின்றது.

ஹஃபீசா உடனே ஓடவில்லை. ரிமோட்டில் மோட்டார் பூட்டைப் போட்டு, அது போடப்பட்டிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து, விமானத்தின் பின்பக்கமாகப் போய் வாலைப் பிடித்து, பேட்டரியைக் கழற்றினாள். பிறகுதான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மோட்டாரையே பார்த்துகினு இருந்துட்டேன்" என்றாள், பக்கத்தில் வந்து நின்ற அக்தரிடம். "பழைய பதிவை அழிச்சப்ப மத்தது எந்தப் பக்கம் அசையுதுங்கறதும் மாறியிருக்கு, அதைப் பார்க்கவே இல்ல. பயம்."

திட்டுவார் என்று நினைத்தாள். அவர் உடைந்த சக்கரத்தைத் தேடிக்கொண்டு முள்ளுச்செடிப் பக்கம் போனார். கால் மணி நேரம் தேடி எடுத்து வந்து, தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து அவள் கையில் வைத்தார்.

இறக்கை நுனியைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆயிற்று. இம்முறை ஒவ்வொன்றையும் வால் பக்கம் நின்று, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வலது தள்ளினால் வலத் தகடு மேலே, இடத் தகடு கீழே. அதைத் தனியாக இருபது முறை.

மறுபடி அதே நிலம். காற்று இல்லாத காலை. விமானம் ஏறி நிமிர்ந்ததும் வலது குச்சியை வலப்பக்கம் முழுதாகத் தள்ளினாள். வெள்ளி, கருஞ்சிவப்பு, வெள்ளி என்று ஒரு முழு உருளல் உருண்டு நேராகப் பறந்தது. ஜெரோம் கைதட்டினார். அவள் இன்னொன்று போட்டாள். பேட்டரியின் ஐந்து நிமிடம் தீரும்வரை போட்டுக்கொண்டே இருந்தாள்.

அக்தர் அந்த ஐந்து நிமிடமும் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

மோட்டார் சத்தம் அடங்கியதும், திரும்பாமலே கேட்டார். "எறங்கிடுச்சா?"

"எறங்கிடுச்சுங்க."