வலது கால் வைத்தியம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பா பிரஷைக் கீழே வைத்துவிட்டு இடது தோளைப் பிடித்துக்கொண்டார். எழுபதுகளின் கடைசி அது. செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் எங்கள் வாடகை வீடு. அரசாங்க ஃபேக்டரியில் வேலை பார்த்த அப்பா, முந்தின நாள் ஷிப்ட் முடிந்து வந்ததும் இரும்பு பீரோவை ஒற்றை ஆளாகச் சுவர் மாற்றி நகர்த்தியிருந்தார். நகர்த்தச் சொன்னது அம்மா. ஆகவே இது சுளுக்குதான் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

சுளுக்குக்கு எங்கள் தெருவில் டாக்டர் நான்தான். எனக்கு எட்டு வயது. பிறக்கும்போது எனக்குத் தலைக்கு முன்னால் கால் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் பிடிப்பு விட்டுப்போகும் என்று ஒரு நம்பிக்கை. தலைமுறைகளாக செகந்திராபாத் சர்ச்சுக்குப் போய்வந்தும், திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த இதை எங்கள் குடும்பம் விடவில்லை. தெலுங்குக்கார அண்டை வீடுகளும் இதையே நம்பின. முதுகு பிடித்த பெரிய மனிதர்கள் என் முன்னால் குப்புறப் படுப்பார்கள். கணக்கில் தேறாத எனக்கு அந்த மரியாதை ரொம்பப் பிடித்திருந்தது.

“டாக்டரம்மா, செருப்பைக் கழட்டிட்டு வாங்க,” என்று அப்பா சிரிக்கப் பார்த்தார்.

பாயில் படுத்தவரின் தோளை வலது காலால் நீவினேன். அம்மா பக்கத்தில் நின்று கண்ணை மூடி ஜெபம் செய்தாள். எண்ணெய் தடவாமலே என் கால் வழுக்கியது. அந்த டிசம்பர் குளிரில் அப்பாவின் பனியன் நனைந்திருந்தது.

“வேர்க்கட்டும், பிடிப்பு விடுது,” என்ற அம்மா, கொஞ்சம் பொறுத்து, “மைனிக்குச் சொல்லிவிடட்டுமா?” என்றாள்.

“நக்கோ, வேண்டாம்! அவ வந்தா ஊசியோடதான் வருவா. பீரோ தள்ளுனதுக்கு ஊசியா?”

மைனி என்றது அப்பாவின் அக்காவை. என் அத்தை ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிறுதோறும் எங்களைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போக எட்டு மணிக்கு வருவாள். எப்படியும் வரத்தானே போகிறாள் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தை இன்றைக்கும் என்னால் உட்கார்ந்தபடி நினைக்க முடியவில்லை. போன வாரம் என் மகன் மாதாப்பூர் ஆபீசிலிருந்து போனில், “ஷோல்டர் பெயின்மா, ஒண்ணுமில்ல,” என்றான். அவனை இழுத்துப்போய் இ.சி.ஜி. எடுக்கவைத்தேன். வெறும் தசைப்பிடிப்பு என்றார்கள். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான். நான் இன்னும் அவன் முகத்தில் வேர்க்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தை பட்டுச்சேலையும் பைபிளுமாக உள்ளே வந்தாள்.

“ஏட்டி, காலை எடு!”

அப்பாவை உட்காரவைத்தாள். “எலே, கையைத் தூக்கு. வலி கூடுதா?”

“இல்லக்கா.”

தோளை அழுத்தினாள். “இப்போ?”

“இல்ல. தாடைக்கும் ஏறுது. நெஞ்சுல கல்லை வச்சாப்ல இருக்கு.”

“அசைச்சாலும் கூடல, அமுக்குனாலும் கூடல. எலே, இது தோள் வலியா? ஆட்டோவைக் கூப்பிடுங்க!”

“மைனி, நேத்து பீரோவை...” என்று ஆரம்பித்தாள் அம்மா.

“பீரோவைத் தூக்கிக் கிணத்துல போடு!”

அப்பாவை நடக்கவே விடவில்லை. வீட்டுக்காரரும் ஆட்டோக்காரரும் நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். பைபிள் பாயிலேயே கிடந்தது.

பகல் முழுவதும் வீட்டுக்காரர் வாசலுக்கும் எங்கள் வாசலுக்குமாக நடந்தேன். பயமில்லை, கோபம். வைத்தியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டாள், இனி வலி எப்படிப் போகும்?

பொழுது சாய்ந்த பிறகு அத்தை மட்டும் வந்தாள். பட்டுச்சேலை கசங்கியிருந்தது. “பிடிப்பு விட்டுச்சா?” என்று கேட்டேன். என் வலது காலை மடியில் எடுத்து வைத்து, முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். காலையில் அவள் என்னை நிறுத்தியதே என் கிராக்கியைப் பார்த்த பொறாமையில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“ஒங்கப்பன் பிழைச்சுக்கிட்டான்,” என்றாள். “இனி எவன் வந்து படுத்தாலும் இந்தக் காலைத் தூக்காத. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லு, என்னட்டி?”