கொண்டைக்குருவிக்கு விட்ட தேயிலைச் செடிகள்

தேயிலைக்கு விலையே இல்லாமல் போன வருடங்களில்தான் என் கைக்குக் கேமரா வந்தது. துபாயில் வேலை பார்த்த கொழுந்தன் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். "விசேஷம்னா படம் எடுங்க அண்ணி" என்றார். அந்த வருடம் எங்கள் சொந்தத்தில் ஒரு விசேஷமும் நடக்கவில்லை. கையில் காசு இல்லாத ஊரில் யார் கல்யாணம் வைப்பார்கள்? கேமரா அலமாரியில் சும்மா கிடந்தது.

அருவங்காட்டில் ரோட்டை விட்டுக் கொஞ்சம் மேலே ஏறினால் எங்கள் வீடு. நான் குன்னூரில் ஒரு மிஷன் பள்ளியில் டீச்சர். என் வீட்டுக்காரருக்கு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வீட்டுக்குக் கீழே சரிவில் அவர் பங்குக்கு வந்த சின்னத் தேயிலைத் தோட்டம். அதிலிருந்து வருகிற பணத்தில்தான் வீட்டுக்கு மேல்மாடி கட்டுவதாகத் திட்டம். மாடிக்கு விட்ட கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. பச்சைத் தேயிலை வாங்குகிற பேக்டரி முதலில் வாரத்தில் சில நாள் மட்டும் எடுத்தது. பிறகு அதையும் நிறுத்திவிட்டது. எடுத்துப் போட்டால் கூலிக்கே கட்டாது என்று எல்லோரும் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

கொழுந்து எடுக்காமல் விட்டால் தேயிலை என்ன ஆகும் என்று நான் அதுவரை பார்த்ததில்லை. இடுப்பு உயரத்தில் பாய் விரித்த மாதிரி இருந்த செடிகள் தோள் உயரத்துக்கு வந்தன. இடையில் காட்டுச்செடிகள் முளைத்தன. எங்கிருந்தோ குருவிகள் வந்து சேர்ந்தன. காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் காது நிறையச் சத்தம். ஒரு சனிக்கிழமை, தோசைக்கல் காயும் நேரத்தில், கேமராவை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டி அமுக்கினேன். சின்னத் திரையில் ஒரு கொண்டைக்குருவி வந்து விழுந்தது. கறுப்புக் கொண்டை, வெள்ளைக் கன்னம், கண்ணுக்குப் பின்னால் குங்குமம் தீற்றியது போல ஒரு சிவப்பு. நாற்பது வயது வரைக்கும் இந்தக் குருவியோடுதான் இருந்திருக்கிறேன், அந்தச் சிவப்பைப் பார்த்ததே இல்லை. தோசை கருகியது.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார்.

"எதை வேணா எடு. எங்க வெடிமருந்து பேக்டரி காம்பவுண்டுப் பக்கம் மட்டும் அதைத் திருப்பிராத தாயி. எனக்கு வேலை போயிரும்."

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஒரு குருவிக்குப் பெயர் தேடப் போய்த்தான் அந்தக் குழுவைக் கண்டுபிடித்தேன். உலகம் முழுக்கப் பறவைகளைப் படம் எடுக்கிறவர்கள் ஒரு இடத்தில் படங்களைப் போட்டு, ஒருவருக்கொருவர் கருத்துச் சொல்லிக்கொள்கிற இணையதளம். எனக்கு ஆங்கிலம் வகுப்பில் பாடம் நடத்துகிற அளவுக்குத் தெரியும். அரட்டை அடிக்கிற அளவுக்குத் தெரியாது. ஆனாலும் என் கொண்டைக்குருவியைப் போட்டேன். அந்தச் சென்டரில் ஒரு படம் ஏறி முடிப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

மறுவாரம் போய்ப் பார்த்தால் பதில்கள் வந்திருந்தன. பின்லாந்தில் பஸ் ஓட்டுகிற ஒரு அம்மா, "என்ன அழகு! நான் சாவதற்குள் இதை நேரில் பார்த்துவிட வேண்டும்" என்று எழுதியிருந்தார். ஹாங்காங்கில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண், "என் வீட்டுப் பால்கனியில் துணிக் கம்பி மேல் தினமும் உட்காரும்" என்று ஒரு படத்தையும் சேர்த்திருந்தாள். பின்னால் பெரிய பெரிய அடுக்குமாடிகள். கம்பியில் ஒரு காலுறை. அதற்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் குருவி! மொரீஷியஸ்காரர் ஒருவர் மட்டும் கடுகடுப்பாக எழுதியிருந்தார்: "யாரோ கொண்டுவந்து எங்கள் தீவில் விட்டார்கள். என் லிச்சிப் பழத்தையெல்லாம் தின்று தீர்க்கும் திருடன் இது. இதற்குப் போய்ப் படமா?"

வீட்டில் வந்து சொன்னேன். நாங்கள் அவர்களை ஊர்ப் பெயராலேயே கூப்பிட ஆரம்பித்தோம். "பின்லாந்து என்ன சொல்லுச்சு? மொரீஷியஸ் கோவம் தீந்துச்சா?" என்று அவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் கேட்பார். கிண்டல்தான். ஆனால் கேட்காமல் இருக்க மாட்டார்.

அடுத்த கோடையின் ஆரம்பத்தில் ஒரு ஜோடி எங்கள் தோட்டத்தில், வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற ஒரு தேயிலைச் செடியில் கூடு கட்டியது. கிண்ணம் மாதிரி சின்னக் கூடு. உள்ளே இளஞ்சிவப்பில் புள்ளி போட்ட முட்டைகள். குருவி இல்லாத நேரம் பார்த்துப் போய்ப் படம் எடுத்து, பெருமையாகக் குழுவில் போட்டேன்.

திட்டு விழுந்தது பாருங்கள்! முகம் தெரியாதவர்கள் எல்லாம் வரிசையில் நின்று திட்டினார்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போகலாமா, தாய் பயந்து விட்டுவிட்டுப் போனால் என்ன செய்வாய், மனிதர் போன வழியைப் பார்த்துக் காக்கை வராதா. குழுவை நடத்துகிறவர் கூட்டுப் படங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிப் படத்தையே தூக்கிவிட்டார். பள்ளிக்கூடத்தில் மற்றவர்களைத் திட்டித்தான் எனக்குப் பழக்கம். என் தோட்டம், என் செடி, இவர்கள் யார் கேட்க என்று பஸ்ஸில் வரும்போது எனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று வீட்டில் அறிவித்தேன்.

போகாமல் இருக்க முடியவில்லை. அடுத்த முறை திறந்தபோது பின்லாந்து அம்மா எனக்கு மட்டும் தனியாக எழுதியிருந்தார். "உனக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் முதலில் தெரியாது, நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உன் ஜன்னலிலிருந்து எடு. தாயும் தகப்பனும் வருவதையும் போவதையும் எடு. நான் காத்திருப்பேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. சமையலறை ஜன்னலில் ஒரு ஸ்டூல். வாயில் பழம் கவ்விய ஆண், செடிக்குள் நுழையும் பெண், மழைக்கு முன்னால் கொண்டையைச் சிலிர்த்துக்கொள்வது. படங்கள் சுமார்தான். ஆனால் வாரா வாரம் கதை கேட்கிற மாதிரி குழுவில் ஆட்கள் காத்திருந்தார்கள். திட்டியவர்களும் வந்தார்கள்.

இதற்கு நடுவில்தான் கோடை மழை நன்றாகப் பிடித்தது. கோத்தகிரி ரோட்டில் ஒரு பேக்டரி மறுபடி பச்சைத் தேயிலை எடுக்கப்போகிறது என்று பேச்சு வந்தது. என் வீட்டுக்காரர் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு வெளிச்சம்.

"வெள்ளிக்கிழமை ஆள் வருது. எல்லாத்தையும் மட்டமா வெட்டி விட்டாத்தான் புதுக் கொழுந்து கிளம்பும்" என்றார்.

"ஏனுங்க, அந்தச் செடி?"

"எந்தச் செடி?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். என் ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்போதுதான் முட்டை பொரிந்து குஞ்சுகளுக்கு இரை வந்துகொண்டிருந்தது.

"அந்த ஒரு செடியை மட்டும் விட்டிருங்க, போதும்" என்றேன்.

"ஒத்தச் செடிய விட்டா, காக்காய்க்குப் போர்டு மாட்டின மாதிரி ஆயிரும். சுத்தியும் விடணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தவர்கள் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிவந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களைக் கூட்டி வந்த அக்காவிடம் இவர் கூடு இருந்த இடத்தைக் காட்டி, "இது மட்டும் வேணாம்" என்றார்.

"ஏன் சார், இது என்ன பாவம் செஞ்சிச்சி?"

"குருவி குடியிருக்கு."

அந்த அக்கா சிரித்த சிரிப்பு ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். "நல்லாருக்கு சார். நாளைக்கி இந்தப் பக்கம் போறவங்க, வெட்டத் தெரியாதவளுக வந்து பாதிய விட்டுட்டுப் போயிட்டாளுகன்னு எங்களத்தான் ஏசுவாங்க. குருவி வந்து சாட்சி சொல்லுமா?"

"நான் சொல்றேன்" என்றார் இவர்.

மாலைக்குள் சரிவு முழுக்க மொட்டையடித்த மாதிரி ஆகிவிட்டது. நடுவில் மட்டும் ஒரு பச்சைத் திட்டு. மேலே இருந்து பார்த்தால் கொஞ்சம் கேலிக்கூத்தாகத்தான் இருந்தது. மறுநாள் குழுவில் அதைப் படம் எடுத்துப் போட்டேன். ஹாங்காங் பெண், "உன் கணவருக்கு என் வணக்கம்" என்று எழுதினாள். அதை அவரிடம் சொன்னபோது, "எதுக்கு வணக்கம், வேற வேலையில்ல" என்றபடி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு ஒரு மத்தியானம் ஆலங்கட்டி மழை. நான் பரீட்சை ஹாலில் மேற்பார்வையில் இருந்தேன். தகரக் கூரையில் கல் கொட்டுகிற சத்தத்தில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். என் நினைப்பு முழுக்க அந்தச் செடியில். பஸ் பிடித்து வந்து, ஓட்டமும் நடையுமாக மேலே ஏறினால், என் வீட்டுக்காரர் சரிவின் ஓரத்தில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். குடை மடங்கியிருந்தது. ஆள் தொப்பலாக நனைந்திருந்தார்.

"ஏனுங்க, குடையை வெச்சுட்டு எதுக்கு நனையறீங்க?"

"காத்துல திருப்பிக்கிச்சு. கூட்டுக்கு மேல பிடிக்கலாம்னுதான் வந்தேன். கிட்டப் போனா பயந்துக்கும்னு உன் பின்லாந்து சொல்லுச்சுன்னியே. அதான் இங்கேயே நின்னுட்டேன்."

"இருக்குதா?"

"இருக்குது. எந்திரிக்கவே இல்ல. ரெண்டு றெக்கையையும் விரிச்சு மூடிக்கிட்டு, கல்லு விழுந்துச்சு, அப்பவும் அசையல."

படம் எடுக்க வெளிச்சம் போதவில்லை. எடுக்கவும் தோன்றவில்லை. குழுவில் நடந்ததை மட்டும் எழுதினேன். என் ஓட்டை ஆங்கிலத்தில், குடையையும் சேர்த்து. படமே இல்லாமல் நான் போட்டது அது ஒன்றுதான். அதற்கு வந்த பதில்களைப் படித்து முடிக்க ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார வேண்டியிருந்தது. எந்தெந்த நாட்டிலோ யார் யாரோ மழையில் நின்ற கதைகளைச் சொல்லியிருந்தார்கள்.

குஞ்சுகள் கூட்டை விட்ட நாளில் நான் வீட்டில் இல்லை. விடைத்தாள் திருத்தப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"போயிருச்சு! எல்லாம் வெளிய வந்துருச்சு! நான் எடுத்துட்டேன்!"

கேமராவை வாங்கிப் பார்த்தேன். முதல் படத்தில் அவர் கட்டைவிரல். இரண்டாவதில் வானம். மூன்றாவதில், மேல்மாடிக்கு விட்ட கம்பி ஒன்றின் மேல், வால் முளைக்காத, கொண்டை சரியாக வராத ஒரு உருண்டை. மங்கலாக, சாய்ந்து, ஓரத்தில் மறுபடி விரலோடு.

"கொஞ்சம் ஆடிருச்சு" என்றார்.

"நீங்க ஆடினீங்களா, குருவி ஆடுச்சா?"

"ரெண்டு பேரும்."

அதைத்தான் போட்டேன். எடுத்தவர் என் கணவர் என்றும் எழுதினேன். அந்த வருடம் குழுவில் நான் போட்டதிலேயே அதிகம் பேர் விரும்பிய படம் அதுதான் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. மொரீஷியஸ்காரர் கடைசியாக வந்து, "ஆக, உலகத்தில் லிச்சித் திருடர்கள் கூடிவிட்டார்கள். வாழ்த்துகள்" என்று எழுதியிருந்தார்.

பேக்டரி எடுத்த தேயிலைக்கு விலை ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. மேல்மாடி இன்னும் சில வருடங்கள் தள்ளிப்போனது. இவர் என் கேமராவைத் தொடுவதற்குச் சண்டை போட ஆரம்பித்ததால், கொழுந்தனிடம் சொல்லி இன்னொன்று வரவழைக்க வேண்டியதாயிற்று.

இரண்டு வருடம் கழித்து, ஒரு ஜனவரியில், பின்லாந்து அம்மா நிஜமாகவே வந்தார். படங்களில் பார்த்ததைவிட உயரம். ஊட்டியில் ரூம் போட்டிருந்தார். நீலகிரிக்கு மட்டுமே உரிய பறவைகளை எல்லாம் ஒரு வழிகாட்டியோடு போய் எடுத்து முடித்துவிட்டு, கடைசி நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வரவேற்பு வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வேலிக்கு மேல் ஒரு கொண்டைக்குருவி வந்து உட்கார்ந்து, வழக்கம்போலக் கத்தியது.

அவர் கையைத் தூக்கி என்னைப் பேச வேண்டாம் என்று தடுத்தார். கேமரா தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்கவே இல்லை. கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஊட்டியில் எத்தனையோ குரல் கேட்டேன். எது எதனுடையது என்று தெரியவில்லை" என்றார் பிறகு, ஆங்கிலத்தில், மெதுவாக. "இது இத்தனை சந்தோஷமாகக் கத்தும் என்று நீ எழுதவே இல்லையே."

உண்மைதான். எத்தனை படங்கள் அனுப்பியிருப்பேன். காலையில் என்னை எழுப்புகிற அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. அதை யாராவது கேட்காமல் இருக்க முடியும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

குருவி பறந்து போனது. என் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, ஆட்டோக்காரரையும் அந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "எல்லாரையும் உள்ள கூப்பிடு. அவங்க காரம் சாப்பிடுவாங்களா?"