காவலுக்கு ஒரு மாத்திரை

போன வியாழக்கிழமை தேன்கனிக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் ஓசூர் வந்து இறங்கினாள் என் தங்கை நாகம்மா. காபி வேண்டாம் என்றாள். உட்காரவும் மாட்டேன் என்றாள்.

"போருக்குத் தீ வச்சிட்டாருண்ணா."

யார்? அவள் புருஷன் மாதப்பன். எந்தப் போருக்கு? மாட்டுக்கு என்று வருஷம் முழுவதற்கும் அடுக்கி வைத்த ராகித் தாள் போருக்கு! அதற்குப் பின்னால் யானை நிற்கிறது என்று பட்டப்பகலில் பந்தத்தைக் கொளுத்தி எறிந்திருக்கிறார். யானையாவது, ஒன்றாவது... நாகம்மா ஓடிப்போய் அவிழ்த்துவிட்டதால் பசு பிழைத்தது.

"அவரு தூங்கி நாலு நாளாச்சு. எல்லாம் நீ குடுத்த மாத்திரைதான்."

ஆமாம். நான் கொடுத்ததுதான். மழுப்பப் போவதில்லை.

கார்த்திகையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ராகிக் கதிர் முற்றும் காலம். யானைகளும் அதற்குத்தான் காத்திருக்கும். விடிய விடியப் பரண்மேல் தகரம் தட்டிக் காவல் இருந்து, கண் இரண்டும் சிவந்து கிடந்தார் மனிதர். ஒரே ஒரு நாள் அசந்ததில் கால் ஏக்கர் போய்விட்டதாம். பாவமாக இருந்தது.

என் சட்டைப் பையில் ஒரு சின்னப் புட்டி. தூக்கம் வராமலிருக்கப் பெங்களூர் மருந்துக் கடையில் வாங்கியது — இந்தப் பத்தியை வாராவாரம் நேரத்துக்கு எழுதித் தரவேண்டுமே! "மருந்துதான் மாப்ளே, சாராயமா என்ன?" என்று ஒன்றை எடுத்து நீட்டினேன். நாகம்மாதான் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வளர்ந்த மனிதனுக்குப் போதைப் பழக்கம் எப்படித் தொடங்கும் என்று நினைக்கிறீர்கள்? முறுக்கு மீசைக்காரன் ஒருவன் சந்தில் நின்று கண்ணடிப்பான் என்றா? இல்லை, ஐயா. மச்சான் கொடுப்பான். பெண்டாட்டி வெந்நீர் தருவாள். காரியமும் நல்ல காரியமாகவே இருக்கும்.

பிறகு களத்து வேலைக்கு ஒன்று வேண்டும் என்றார் மாதப்பன். அப்புறம் வெல்லம் காய்ச்சுகிறோம் என்றார். ஓசூர்ச் சந்தைக்கு வரும்போதெல்லாம் கேட்பார். நானும் வாங்கி வந்து கொடுப்பேன். எப்போது தூங்குகிறீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பெங்களூரிலிருந்து திரும்பும்போது எல்லையில் மதுவிலக்குப் போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறி ஒவ்வொரு பையாக மோந்து பார்ப்பார். என் கையில் மருந்துப் புட்டியைக் கண்டால், "உடம்புக்கு என்ன சார்?" என்று அக்கறையாக விசாரிப்பார். வெட்கக்கேடு.

அன்றைக்கே நாகம்மாவோடு புறப்பட்டுப் போனேன். கருகிய போரைப் பார்த்தபடி நின்றிருந்தார் மாதப்பன். ஆள் பாதியாகியிருந்தார்.

"யானைங்க தை மாசமே காட்டுக்குப் போயிடுச்சி மாப்ளே."

"அது எனக்குத் தெரியுது மச்சான். என் கண்ணுக்குத்தான் தெரிய மாட்டேங்குது." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணே ஒண்ணு இருந்தாக் குடுங்க. நாளையிலேருந்து வேணாம்" என்றார்.

நாகம்மா என் முகத்தையே பார்த்தாள். எனக்கென்று வைத்திருந்த புட்டியைத் திறந்து அப்படியே எருக்குழியில் கொட்டினேன்.

"உங்களுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. கிளம்புங்க, டாக்டரைப் பாக்கலாம்."

திட்டினார். அச்சில் போட முடியாத வார்த்தைகள். திட்டட்டும் என்று கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினேன்.

இப்போது என் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கிறார். இரண்டு நாளாகத் தூக்கம். எழுப்பாதீர்கள் என்று டாக்டர் உத்தரவு. இன்று மத்தியானம் தானாகவே விழித்துக் கஞ்சி குடித்தார். நாகம்மா அழுதுவிட்டாள்.

"ஐப்பசியில மறுபடியும் வருமே மச்சான்... அப்ப என்னா பண்றது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. என் உபதேசம் யானைக்கு எட்டாது. "பரணுக்கு நானும் வர்றேன் மாப்ளே. மாத்தி மாத்தித் தூங்கலாம்" என்றேன். தலையாட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

அதனால், ஐப்பசியில் ஏதாவது ஒரு வாரம் இந்தப் பத்தியைக் காணவில்லை என்றால் ஆசிரியரைக் கோபிக்காதீர்கள் — அப்போது தூங்கும் முறை எனக்கு.