ஆறாம் மாடிப் படி வெளிச்சம்

எனக்குப் பயம் நிறைய உண்டு. காஸை மூடினேனா, தண்ணீர்த் தாங்கி வழிகிறதா, லிஃப்ட் நடுவில் நின்றுவிடுமா, மகன் பஸ் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போகிறானா என்று ஒரு நாளைக்கு நூறு பயம். ஆனால் யாராவது பேய், ஆவி என்று கதை எடுத்தால் எழும்பிப் போய்விடுவேன், பயத்தில் இல்லை, அலுப்பில். பேய் வந்து என் காஸ் சிலிண்டரையா திறந்துவிடப்போகிறது? இருப்பதற்குப் பயப்படவே நேரம் போதவில்லை, இல்லாததற்கு வேறு யார் பயப்படுவது. அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். அதுவும் நடுச்சாமத்தில் நடந்ததல்ல, சனிக்கிழமை பின்னேரம், வெளியே காலி வீதியில் வெயில் எரித்துக்கொண்டிருந்த நேரம்.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் ஏழு மாடித் தொடர்மாடி ஒன்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு சுவிச்சும் எனக்குத் தெரியும். கீழே படிக்குப் பக்கத்து அறையில் நானும் மகனும் இருக்கிறோம். அங்கே படிக்கட்டு உள்ளுக்குள்ளே இருக்கிறது, ஒரு யன்னல் கிடையாது, கரண்ட் போனால் பட்டப்பகலிலும் கை தெரியாது. அதற்காக மாடிக்கு நாலாக இருபத்தெட்டு எமர்ஜென்சி லைற் பூட்டியிருக்கிறார்கள். கரண்ட் போனதும் பெட்டிக்குள் இருக்கும் பற்றறியில் தானாக எரியும், சனம் தட்டுத் தடுமாறாமல் இறங்கலாம். மாதம் ஒருமுறை நான் பொத்தானை அமத்திப் பார்த்துக் கொப்பியில் கையெழுத்து வைப்பேன். வருடம் ஒருமுறை வெளியிலிருந்து ஒருவர் வந்து, நெருப்பு மணியை அடித்துப் பார்த்து, மெயினை அணைத்து, மூன்று மணித்தியாலம் நின்று பார்ப்பார். அத்தனை லைற்றும் மூன்று மணித்தியாலம் எரிய வேண்டும். ஒன்று அணைந்தாலும் சேர்ட்டிபிக்கேற் இல்லை. சேர்ட்டிபிக்கேற் இல்லை என்றால் ஏழாம் மாடி மண்டபத்தைப் பூட்டிவிட வேண்டும், அது கமிட்டியின் சட்டம்.

இந்த முறை அந்த ஐயாவின் வருகை இரண்டு தடவை தள்ளிப்போய்க் கடைசியில் ஒரு சனிக்கிழமைக்கு வந்து விழுந்தது. மறுநாள் ஞாயிறு அந்த மண்டபத்தில் மலரக்காவின் கல்யாணம்.

மலரக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. ஐந்தாம் மாடியில் தனியாக இருந்தவ. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பி தங்கச்சிமாரைக் கரையேற்றியதில் தன் வயது போனதைக் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை கொட்டாஞ்சேனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண்ணாடி சரியாக இல்லை என்று மலரக்கா நாலு தரம் அந்தக் கடைக்குப் போனாவாம், நாலு தரமும் கண்ணாடி சரியாகத்தான் இருந்ததாம். கட்டடம் முழுக்க இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. தாரை வார்த்துக் கொடுக்க வந்திருந்த தம்பி செவ்வாய்க்கிழமை விமானம் ஏறுகிறார், ஆகவே ஞாயிறு விட்டால் வேறு நாள் கிடையாது. இதெல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு கிழமை நித்திரை இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நான் ஒரு வேலை செய்தேன். இருபத்தெட்டுப் பெட்டியையும் திறந்து பற்றறிகளைக் கழற்றி ஒரு பெரிய தட்டில் அடுக்கி, என் அறையில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டேன். சரஸ்வதி பூசைக்கு மகனின் புத்தகங்களை வைக்கிறோமே, அதைப்போலத்தான். பேயை நம்பாதவள் பிள்ளையாரையும் நம்பக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கற்பூரம் காட்டி முடித்து ஏணியைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறித் திருப்பிப் பூட்டினேன். நடுவில் பூக்காரன் மணி அடித்தான், தண்ணீர் பவுசர் லொறி வந்தது, கமிட்டித் தலைவர் இரண்டு தரம் கூப்பிட்டார். எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு ஐயா வந்தார். சிங்கள மனிதர், நல்ல மனிதர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு பெட்டியிலும் தன் கையெழுத்துப் போட்ட கடதாசியை ஒட்டினார், பரிசோதனை முடியும்வரை யாரும் திறக்கக்கூடாது என்பதற்காக. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயவென்ன எப்பா, அக்கே" என்றார், பயப்படாதே என்று. அவருக்கு என்ன தெரியும். சரியாக இரண்டு மணிக்கு மெயினை அணைத்தார். லைற்றுகள் எரிந்தன. ஒவ்வொன்றாக எண்ணிச் சரி போட்டுக்கொண்டு ஏழாம் மாடிவரை ஏறினார். இருபத்தெட்டும் சரி என்று மேலிருந்து சத்தம் கேட்டது, எனக்கு உயிர் வந்தது.

தண்ணீர் குடிக்க அறைக்கு வந்தேன். பிள்ளையார் படத்துக்கு முன்னால் பூத்தட்டுக்குப் பின்னே ஒரு பற்றறி, நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

எண்ணிப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை, ஒன்றே ஒன்றுதான். மேலே இருபத்தெட்டுப் பெட்டி, பற்றறி இருபத்தேழு. ஐயா பிழையாக எண்ணியிருப்பார் என்று நினைத்து, பற்றறியைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு படியேறினேன். ஒன்றாம் மாடி நாலு, எரிகிறது. இரண்டு, மூன்று என்று ஏழாம் மாடிவரை எல்லாம் எரிகிறது. நான் பிழைவிட்டேன் என்று கீழே வந்து திரும்ப முதலிலிருந்து ஏறினேன். இரண்டாம் முறையும் இருபத்தெட்டு. நம்பாமல் பார்க்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது. நானும் நம்பவில்லை, அதனால்தான் மூன்றாம் முறையும் ஏறினேன், இந்த முழங்காலோடு.

ஆறாம் மாடிப் படியில் அப்போது ஒரு திருவிழா நடந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லாததால் காற்றாடி இல்லை, வீட்டுக்குள் இருக்க முடியாமல் பெண்கள் எல்லாரும் நாளைக்கு வேண்டிய வெற்றிலை, பூ, பலகாரப் பெட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து லைற்றுக்குக் கீழே படியில் குந்திவிட்டார்கள். வருடக்கணக்காக லிஃப்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், அன்று ஒருத்தி பயத்தம் பணியாரத்தைக் கடித்து மற்றவளுக்குப் பாதி கொடுக்கிறாள். யாரோ பாட்டு எடுத்தார்கள், படிக்கட்டு கிணறு மாதிரிச் சுற்றிச் சுற்றி அதைத் திருப்பிப் பாடியது. நடுவில் மலரக்கா, கல்யாணப் பெண், வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தா.

நான் அவவின் காதுக்குள் எல்லாவற்றையும் சொன்னேன், சீலைத் தலைப்பை விரித்துப் பற்றறியையும் காட்டினேன். ஐயாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவ அந்தப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தா.

"எத்தினை எரியுது, தவம்?"

"எல்லாம் எரியுதக்கா."

"எரியிற லைற்றை எரியேல்லை எண்டு போய்ச் சொல்லப் போறியே, விசரி? இரு. இந்தா, வெத்திலையைத் துடை."

துடைத்தேன். அவசரத்தில் இரண்டு வெற்றிலை கிழிந்தது. கொஞ்ச நேரத்தில் நானும் பாடிக்கொண்டிருந்தேன். பாடுகிற ஆள் இல்லை நான். ஐந்து மணிக்கு, மேல் படியில் உட்கார்ந்திருந்த ஐயா எழும்பி ஒருதரம் சுற்றிப் பார்த்து, ஒன்றும் அணையவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். படிக்கட்டு முழுக்கக் கை தட்டியது. ஐயாவுக்கு ஒரு பெட்டிப் பலகாரம் கட்டிக் கொடுத்தார்கள்.

அவர் போனதும் நான் ஏணியை எடுத்தேன். பற்றறி இல்லாத பெட்டியை அப்படியே விட்டுவிட்டு நான் எப்படி நித்திரை கொள்வது. கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன், எல்லாவற்றிலும் பற்றறி, பொட்டோடு. ஆறாம் மாடித் திருப்பத்தில், நாங்கள் எல்லாரும் குந்தியிருந்தோமே அந்த லைற், கடதாசி கிழியாமல் அப்படியே இருந்தது. கிழித்துத் திறந்தேன். வெறும் பெட்டி. இரண்டு வயரும் ஒன்றில் ஒன்று தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தன. பிறகு பற்றறியைப் பூட்டிப் பொத்தானை அமத்தினேன், மற்றவை மாதிரி எரிந்தது.

கல்யாணம் அப்படி ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலி கட்டும்போது கண்ணாடியில் புகை படிந்துபோய், கழற்றித் துடைத்துவிட்டுத்தான் முடிச்சுப் போட்டார், ஐயரே சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. ஐயாவுக்குப் போன் எடுத்து, தெரிந்த சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன், சேர்ட்டிபிக்கேற்றைத் திருப்பி எடுத்தாலும் பரவாயில்லை என்றேன். அவர் ஏசவில்லை. அந்த லைற் எரிந்ததைத் தன் கண்ணால் பார்த்துத்தான் சரி போட்டதாகச் சொன்னார், உடனே வருகிறேன் என்றார். அவர் வந்ததும் இருவருமாக அந்த ஒரு லைற்றை மட்டும், அதன் பற்றறியோடு, திரும்பச் சோதித்தோம். இரண்டு மணித்தியாலமும் சொச்சமும்தான் எரிந்தது, மங்கி மங்கி அணைந்துவிட்டது. நான் அதை மறக்காமல் பூட்டியிருந்தால் சனிக்கிழமை மூன்று மணித்தியாலம் ஓடியிருக்காது, மண்டபம் பூட்டியிருக்கும். அவர் புதுப் பற்றறி போடச் சொல்லி, அது மூன்று மணித்தியாலம் எரிவதை நின்று பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் குடிக்காமல் போனார்.

இதுவரைக்கும் ஏதாவது ஒரு காரணம் சொல்லலாம். கரண்ட் விசயம், எனக்குப் படிப்பில்லை, ஏதோ மிச்சக் கரண்ட் வயரில் நின்றிருக்கும் என்று என் மகன் சொல்கிறான். மூன்று மணித்தியாலம் நிற்குமா என்று நான் கேட்டால் போனை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். சரி, அதை விடுங்கள்.

போன மாதம் கொட்டாஞ்சேனைக்கு மலரக்கா வீட்டுக்குப் போனேன். நன்றாகக் கொழுத்து வடிவாக இருக்கிறா. முன் அறையில் கல்யாணப் படங்களுக்கு நடுவில் ஒரு படம் பெரிதாக்கி மாட்டியிருக்கிறது, அன்று படியில் அவவின் தம்பியின் மகள் போனில் எடுத்தது. எல்லாரும் படியில் குந்தியிருக்கிறார்கள், நானும் ஒரு மூலையில் வாயைத் திறந்து பாடிக்கொண்டிருக்கிறேன். தலைக்கு மேலே அந்தப் பெட்டி தெரிகிறது. அதில் வெளிச்சமே இல்லை, சாம்பல் நிறத்தில் செத்துப்போய்க் கிடக்கிறது. ஆனால் எங்கள் முகமெல்லாம் பளிச்சென்று இருக்கிறது.

போன் ஃபிளாஷ் என்பீர்கள். ஃபிளாஷ் என்றால் முன்னாலிருந்து அடிக்க வேண்டும். படத்தில் வெளிச்சம் பக்கத்திலிருந்து வருகிறது, கீழே இறங்கும் படிப் பக்கத்திலிருந்து, ஒரு ஆள் கையில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றால் எந்த உயரமோ அந்த உயரத்தில். எங்கள் நிழல்கள் எல்லாம் எதிர்ச் சுவரில் வரிசையாக விழுந்திருக்கின்றன. மற்ற எல்லாரும் போனைப் பார்க்கிறார்கள். மலரக்கா மட்டும் அந்தப் படிப் பக்கம் திரும்பி, தெரிந்த ஆளைக் கண்டதுபோலச் சிரிக்கிறா.

"அக்கா, இதிலை ஆரைப் பாக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

அவ தேத்தண்ணீரை என் கையில் தந்துவிட்டுப் படத்துக்குக் கிட்டப் போய் நின்றா.

"அதுதான், தவம், எனக்கும் ஞாபகம் வருகுதில்லை. ஆரெண்டு தெரியேல்லை. ஆனால் வந்திட்டினம் எண்டு அவ்வளவு சந்தோசப்பட்டனான், அது மட்டும் நல்லா ஞாபகம்."