இறக்கைக்கு மறுபக்கம்

ஞாயிற்றுக்கிழமையானால் பக்கத்து வீட்டு நித்யாவுக்கு நகத்தில் சாயம் பூச என் வீடுதான். மும்பையில், இந்த ஆண்டாப் ஹில் அறையில் நான் ஒருத்திதானே, வரட்டும். போன வாரம் பாட்டிலைத் திறந்தவள் என் மூக்கைப் பார்த்துவிட்டு, "ஸ்மெல் ஜாஸ்தியா, ஆச்சி? கிடுக்கி திறக்கவா?" என்று ஜன்னல் பக்கம் எழுந்தாள். "வேண்டாம்மா, இருக்கட்டும்" என்றேன். எனக்கு அது நகத்தின் வாசனை இல்லை. விமானத்தின் வாசனை.

சிரிக்காதீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், தையலைத் தவிர வேறொன்றும் தெரியாதவள்தான். ஆனால் நான் விமானம் தைத்திருக்கிறேன்.

அப்போது தாராவியில் மைதீன் பாயின் தார்ப்பாய்ப் பட்டறையில் வேலை. லாரிக்குப் போடும் தார்ப்பாய். எனக்குப் பத்தொன்பது வயது. யாராவது பெயரைக் கேட்டால்கூடத் தரையைப் பார்ப்பேன். "இந்தப் பிள்ள வாயையும் சேத்துத் தச்சுக்கிட்டாளோ?" என்பார் பாய்.

ஒரு நாள் மாட்டுங்காவிலிருந்து விஸ்வநாதன் சார் வந்தார். ஆபீசில் படம் வரைகிற வேலை. கிளப்பில் விமானம் ஓட்டப் பழகியவர். ஒருவர் மட்டும் உட்காரும் விமானம் ஒன்றைத் தானே கட்டுவதாகவும், வீட்டில் இடமில்லையென்றும், பட்டறையின் பின்கொட்டகை கிடைக்குமா என்றும் கேட்டார். பாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பறக்குமா சார்?"

"பறக்கணும்."

"அப்ப எடுத்துக்கிடுங்க."

விமானத்தின் இறக்கை தகரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இதற்கு மரச்சட்டம், அதன் மேல் பருத்தித் துணி. டோப் என்று ஒரு சாயம் பூசினால் துணி மத்தளம் போல இறுகிக்கொள்ளும். நித்யாவின் பாட்டிலில் இருந்தது அந்த வாசனைதான்.

துணியைச் சட்டத்தோடு தைக்க வேண்டும். இறக்கையை நிமிர்த்தி நிறுத்துவோம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் செல்லத்துரை. பட்டறையில் துணி வெட்டுகிறவர், எங்கள் ஜில்லாக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒரு முழ நீள ஊசி. நான் குத்தினால் அவர் வாங்கி, சட்டத்தின் மறுபுறமாகத் திருப்பிக் குத்துவார். நான் இழுத்து முடிச்சுப் போடுவேன்; சில சட்டத்தில் அவர் போடுவார். விளக்கு அவர் பக்கம். துணியில் அவருடைய நிழல் மட்டும் தெரியும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது எனக்கு எவ்வளவு சௌகரியம்! துணியில் விரலால் ஒரு தட்டு தட்டினால் ஊசி வருகிறது என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் பொறு.

பேசுவதெல்லாம் அவர்தான். "இது பறந்ததும் சார்கிட்ட கேட்டு ஊருக்குப் போவேன் பிள்ள. எங்க பெரியப்பா வழுக்கைக்கு நேரா மேல நின்னு எச்சி துப்பணும்." நான் சத்தமில்லாமல் சிரிப்பேன். "துணி குலுங்குது. சிரிக்கியாக்கும்" என்று மறுபக்கத்திலிருந்து குரல் வரும். ஆறு மாதம் இப்படி.

சோதனை ஓட்டத்துக்கு உல்லாஸ்நகர் தாண்டி, உலகச் சண்டைக் காலத்தில் போட்டுக் கைவிட்ட ஓடுதளம் ஒன்று. இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றிப் போவோம். முதல் ஞாயிறு தரையில் மட்டும் வாத்து மாதிரிக் கோணல் மாணலாக ஓடியது. இரண்டாம் ஞாயிறு ஆள் உயரம் எழும்பிப் பொத்தென்று உட்கார்ந்தது. சார் இறங்கி, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். மூன்றாம் ஞாயிறு மேலே போய் வட்டமடிக்க வேண்டும்.

அன்று சார் ஏறி உட்கார்ந்துவிட்டார். இன்ஜின் முழங்குகிறது. செல்லத்துரை இறக்கையின் நுனியைப் பிடித்து நிற்கிறார். இங்கே பாய், நான் கட்டி வந்த சப்பாத்தி மூட்டையின் முனையை இழுத்தார். ஒரே இழுப்பில் முடிச்சு அவிழ்ந்தது. தார்ப்பாய்க்காரர்களின் முடிச்சு அது. சரக்கு இறக்கும்போது லாரிக்காரர் ஒரே இழுப்பில் அவிழ்க்க வேண்டுமே. பெரியப்பா கதையைக் கேட்டுச் சிரித்த அன்று, இறக்கை நுனிச் சட்டத்தில் கைப் பழக்கத்தில் அதே முடிச்சைத்தான் போட்டிருந்தேன். சார் சொல்லிக் கொடுத்த இறுகும் முடிச்சை அல்ல.

ஓடிப்போய் இறக்கையின் அடியில் இரண்டு தட்டு தட்டினேன். மேலே கை வைத்திருந்த செல்லத்துரை குனிந்தார். என் முகத்தையும், அந்தச் சட்டத்தின் மேல் முடிச்சை அவிழ்ப்பதுபோல் இழுத்துக் காட்டிய என் விரலையும் பார்த்தார். இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். இன்ஜின் நின்றது.

"என்னடா?"

"முடிச்சு சார். இந்தச் சட்டத்துல தப்பா விழுந்துட்டு."

"யார் போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள்... இல்லை, பொய் எதற்கு, நான் திறக்கவேயில்லை. "நாந்தான் சார்" என்றார் செல்லத்துரை.

சார் அதிர்ந்து பேசாதவர். "என் உசிரோடன்னா விளையாடிட்டே" என்றார், அவ்வளவுதான். பாய்தான் கத்தினார்: "இனிமே இந்த எறக்கை பக்கம் வந்தே, காலை ஒடிச்சிருவேன்லே!" நான் சப்பாத்தி மூட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்குக் கொண்டுவந்து பிரித்துத் தைத்தோம். மறுபக்கம் பாய் நின்றார். ஊசி கோணலாக வந்தது. தட்டுவதும் அவருக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு லாரியில் செல்லத்துரை இல்லை. அன்றுதான் அது பறந்தது. காய்ந்த புல்லின் மேல் அதன் நிழல் ஓடியது. தலைக்கு மேல் திரும்பியபோது வெயில் துணிக்குள் புகுந்து, உள்ளே சட்டம் சட்டமாகத் தெரிந்தது. பாய் அழுதார். மூன்று வட்டம் முடிந்து இறங்கும்வரை நான் என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வெட்டு மேசையிலிருந்து செல்லத்துரை கேட்டார்: "பறந்துச்சா பிள்ள?"

தலையாட்டினேன்.

"எம்புட்டு ஒசரம்? தண்ணி டாங்கி ஒசரம் இருக்குமா?"

"அதுக்கும் மேல."

அவரிடம் நான் வாயால் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அதற்கு அடுத்ததாக ஒன்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. "தையல் தாங்கிட்டுல்லா, அது போதும்" என்று கத்திரியை எடுத்துக்கொண்டார். மழை தொடங்குமுன் துபாய்க்குப் போய்விட்டார்.

கொட்டகை இருந்த இடத்தில் இன்று ஏழு மாடி. சாரும் இல்லை, பாயும் இல்லை. கடைசியில் அந்த இறக்கைகள் தாராவி லேபர் கேம்பில் யார் வீட்டுக்கோ கூரையாகி, இரண்டு மழைக்கு ஒரு சொட்டு ஒழுகாமல் நின்றதாகக் கேள்வி. செல்லத்துரை எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. அந்த முடிச்சு நான் போட்டது. சொல்ல வேண்டியவர்கள் ஒருவரும் இல்லாதபோது உங்களிடம் சொல்கிறேன்.

"காஞ்சிருச்சு ஆச்சி" என்று நித்யா விரல்களை விரித்துக் காட்டிவிட்டுப் போனாள். டோப்பும் அப்படித்தான். காய்ந்துவிட்டால், மூக்கை வைத்து மோந்தாலும் வாசனை வராது.