குழாயில் அசையாமல் நின்ற தண்ணீர்

கோவில்பட்டியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆண்கள் வார்டுக்கு நான் நர்ஸாகப் பொறுப்பேற்ற முதல் வாரம். எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து மோட்டார் மெக்கானிக் சவரிமுத்துவைக் கொண்டுவந்தார்கள். கிணற்று மோட்டாரைத் தூக்கும்போது சங்கிலி நழுவி இரும்புக் கம்பம் நெஞ்சில் அடித்துவிட்டது. உடைந்த விலா எலும்பு நுரையீரலைக் குத்தியதில், கசிந்த காற்று நெஞ்சுக்கூட்டில் நிறைந்து வலது நுரையீரலைச் சுருக்கியிருந்தது. டாக்டர் விலாவில் குழாய் செருகி, மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே பாட்டில் தண்ணீரில் முக்கி வைத்தார்.

மறுநாளே சவரிமுத்து கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

“சிஸ்டர், மூச்ச இழுத்தா குழாயில தண்ணி ஏறுது, விட்டா இறங்குது. என்னத்துக்கு?”

“இழுக்கும்போது நெஞ்சுக்கூடு விரியுதுல்லா அண்ணாச்சி, உள்ள அழுத்தம் குறையும். அதான் ஏறுது. நுரையீரலும் அப்படித்தான். கூடு விரிஞ்சா அதுவும் விரியும், வெளிக்காத்து தானா உள்ள வரும்.”

“அந்தக் குமிழி?”

“கசிஞ்ச காத்து வெளிய போகுது. தண்ணி மறிக்கதால திரும்பி வராது.”

“ஏறின தண்ணி கிணத்துக்கே திரும்பாம குழாய் அடியில மாட்டுவோமே, அந்த ஃபுட் வால்வுன்னு சொல்லுங்க!” என்று விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்சிங் படிப்பில்கூட எனக்கு அது அவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை.

மூன்றாம் நாள் மதியம் அவர் மனைவி அந்தோணியம்மாள் சந்தோஷமாக வந்தார்.

“சிஸ்டர், குமிழி நின்னுட்டு. சரியாயிட்டுல்லா?”

எட்டிப் பார்த்தேன். குமிழி இல்லை. “ஆமாக்கா, நல்லதுதான்” என்று சொல்லி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். பின்னாலிருந்து சவரிமுத்துவின் குரல் திக்கித் திக்கி வந்தது.

“சிஸ்டர்... தண்ணி ஏறவும் இல்ல... மூச்சு முட்டுது...”

திரும்பினால் உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்திக்கொண்டே விலாவிலிருந்து குழாயைத் தடவி வந்தேன். அவர் இடுப்புக்கு அடியில் அது மடங்கிக் கிடந்தது. புரட்டி எடுத்ததும் பாட்டிலில் குபுகுபுவென்று குமிழி கிளம்பியது. அவருக்கு மூச்சு சீரானதும், குழாய் மறுபடி மடங்காதபடி பிளாஸ்டரால் ஒட்டி வைத்தேன்.

நான்கு நாள் கழித்து அந்தோணியம்மாள் ஓடிவந்தார். “திரும்பவும் நின்னுட்டு சிஸ்டர்!”

ஓடினேன். குமிழியும் இல்லை, தண்ணீரும் ஏறி இறங்கவில்லை. ஆனால் குழாய் நேராக இருந்தது. சவரிமுத்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்டெதாஸ்கோப் வைத்தால் இரண்டு பக்கமும் காற்று நன்றாகக் கேட்டது. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதாக விரிந்து, காற்று அடைத்திருந்த இடத்தை நிரப்பி, குழாயின் உள்முனையையும் மூடியிருந்தது; அதனால்தான் தண்ணீர் நின்றிருக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றைத்தான் சொல்வேன். தண்ணீர் அசையாமல் நின்றால், அது நல்லதா கெட்டதா என்று பாட்டில் சொல்லாது. முதலில் கட்டிலில் இருப்பவரின் முகத்தைப் பாருங்கள்.